கிளட்ச் கடகடக்கிறதா? பிரிப்பதற்கு முன் காது கொடுங்கள்

மண்சாலையிலும் மலைப்பாதையிலும் ஓட்டவென்று வாங்கிய மோட்டார் சைக்கிளை சர்வீசுக்கு விடும்போது மெக்கானிக்கிடம் அடிக்கடி சொல்லப்படும் குறை ஒன்று உண்டு: “வலது பக்கம் கடகடன்னு சத்தம் வருது, கிளட்ச் போயிடுச்சு போல.” இதற்குப் பட்டறைகளில் வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். “இந்த வண்டியே அப்படித்தான் சார், ஓட்டுங்க” என்பது ஒன்று. “பிளேட் செட்டை மாத்திடலாம், எல்லாம் சரியாயிடும்” என்பது மற்றது. இரண்டுமே பல நேரம் தவறு. சில நேரம் சரி. எப்போது எது சரி என்று வண்டிக்காரருக்குத் தெரியாததால் ஒன்று வீண் செலவு, இல்லையென்றால் நடுக்காட்டில் நிற்பது. கிளட்ச் சத்தத்தை அது எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்பதை வைத்து எடைபோடக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். சத்தம் எப்போது வருகிறது, லீவரைப் பிடித்தால் என்ன ஆகிறது, சில மாதங்களுக்கு முன் இருந்ததிலிருந்து மாறியிருக்கிறதா என்ற மூன்றும்தான் கணக்கு. நாள் முழுக்கக் கடகடத்தாலும் ஒன்றும் ஆகாமல் ஓடும் வண்டிகள் உண்டு. சன்னமாக ஒரு கிறீச்சொலி மட்டும் கொடுத்துவிட்டு அடுத்த ஏற்றத்தில் கையை விரிக்கும் வண்டிகளும் உண்டு.

முதலில் அந்த வட்ட மூடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நம் ஊரில் ஓடும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், ஹீரோ எக்ஸ்பல்ஸ், கேடிஎம் 390 அட்வென்ச்சர் எல்லாவற்றிலும் இருப்பது என்ஜின் ஆயிலில் நனைந்தபடி சுழலும் பல தட்டுக் கிளட்ச். கிராங்க் ஷாஃப்டின் முனையில் ஒரு சிறிய பல்சக்கரம். அது ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தப் பெரிய சக்கரத்தோடு சேர்த்து ரிவெட் அடித்த அலுமினியக் கிண்ணம்தான் ஹவுசிங். சில பட்டறைகளில் அவுட்டர் என்பார்கள். அதன் சுவரில் நீளவாக்கில் பிளவுகள் வெட்டி, நடுவே விரல்கள் நிற்கும்படி விட்டிருப்பார்கள். ஃபைபர் பிளேட்டுகளின் வெளிவிளிம்பில் உள்ள காதுகள் இந்தப் பிளவுகளில் உட்காரும். அவற்றுக்கு இடையிடையே ஸ்டீல் பிளேட்டுகள். அவற்றின் உள்விளிம்புப் பற்கள் நடுவில் இருக்கும் ஹப்பைக் கவ்வியிருக்கும். ஹப் கியர்பாக்ஸின் உள்தண்டோடு இணைந்தது. ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கு முழுவதையும் அழுத்திப் பிடித்திருக்கும்வரை என்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாகச் சுழலும். லீவரைப் பிடித்தால் ஒரு புஷ் ராடும் ஒரு சிறிய பேரிங்கும் பிரஷர் பிளேட்டைத் தள்ளி அடுக்கைத் தளர்த்தும்.

இந்த அமைப்பில் இடைவெளி இல்லாமல் எதுவும் இயங்காது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் சூடேறும்போது சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். பிளேட்டின் காதுக்கும் ஹவுசிங் விரலுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் லீவரைப் பிடித்தாலும் பிளேட்டுகள் பிரியாது. ஹவுசிங் அமர்ந்திருக்கும் புஷ்ஷிலோ பேரிங்கிலோ ஆயில் நுழையக் கொஞ்சம் இடம் வேண்டும். ஆக, புத்தம்புது வண்டியிலேயே சத்தம் எழ மூன்று இடங்களாவது இருக்கின்றன.

இனி ஒற்றை சிலிண்டரின் குணத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. நிமிடத்துக்கு 1,200 சுற்றில் ஐடிலிங் ஓடினால் நொடிக்குப் 10 வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பிலும் கிராங்க் முன்னால் பாய்கிறது, அடுத்த அழுத்தத்தில் தயங்குகிறது. 2016இல் வந்த பழைய ஹிமாலயனின் 411 சிசி என்ஜினில் பிஸ்டன் விட்டம் 78 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 86 மில்லிமீட்டர். நிதானமாக, ஒவ்வொரு துடிப்பும் கணக்கில் வரும்படி ஓடும் என்ஜின் அது. இந்தப் பாய்ச்சலும் தயக்கமும் மாறி மாறி வருவதால் பல்சக்கரங்கள் ஒரு பக்கப் பல்லிலிருந்து மறுபக்கப் பல்லுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், கொண்டி போடாத கதவு காற்றில் அடித்துக்கொள்வது போல. இதைத் தணிக்கத்தான் பெரிய பல்சக்கரத்துக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே சிறு ஸ்பிரிங்குகளோ ரப்பர்களோ வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் இவை தளர்ந்தால் கடகடப்பு கூடும். பந்தயத்துக்கென்றே செய்த எண்டியூரோ, மோட்டோகிராஸ் வண்டிகளில் இன்னொன்றும் உண்டு: பற்களைச் சாய்வாக வெட்டாமல் நேராக வெட்டியிருப்பார்கள். நேர்ப்பல் பக்கவாட்டில் தள்ளாது, சக்தியை வீணாக்காது, ஆனால் ஊளையிடும். அந்த ஓசையைக் குறையென்று சொல்வதற்கில்லை, வடிவமைப்பே அப்படி.

கரடுமுரடுப் பாதை வண்டியில் சத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஒன்று கிளட்ச்சிலேயே இல்லை. என்ஜினுக்கு அடியில் கல் படாமல் இருக்கப் பூட்டும் அலுமினியத் தகடு, கீழிறங்கும் ஒவ்வொரு ஓசையையும் திருப்பி ஓட்டுநரின் காதுக்கே அனுப்பும். அதன் போல்ட் ஒன்று தளர்ந்தால் தகடே கடகடக்கும். கிளட்ச் வீணாகப் பழி சுமக்கும். பழைய ஹிமாலயன் போலக் காற்றில் குளிரும் என்ஜின்களில் துடுப்புகள் அதிர்ந்து ஒலிக்கும். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் என்ஜின்களில் அந்த ஒலியில் ஒரு பங்கைத் தண்ணீரே விழுங்கிவிடும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியை விட நம் வண்டி அதிகம் சத்தம் போடுகிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எந்தச் சோதனைக்கும் முன்னால் தகட்டின் போல்ட்டுகளை ஒரு சுற்று முறுக்கிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

இனி காதுக்கு வேலை. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, லீவரை விட்ட நிலையில் கேளுங்கள். பிறகு லீவரை மெதுவாக முழுவதும் பிடியுங்கள். லீவர் விட்டிருக்கும்போது ஹவுசிங், ஹப், கியர்பாக்ஸின் உள்தண்டு, அதிலுள்ள பற்சக்கரங்கள் என எல்லாமே சுழல்கின்றன. பிடித்ததும் ஹவுசிங் மட்டும் என்ஜினோடு சுழலும். ஹப்பும் உள்தண்டும் என்ஜினின் துடிப்பிலிருந்து விடுபடும். ஆகவே பிடித்தவுடன் சத்தம் அடங்கினால், பெரும்பாலும் அது கியர்பாக்ஸில் சும்மா சுழலும் பற்சக்கரங்களின் கிலுகிலுப்பு. ஐடிலிங்கில் மட்டும் கேட்டு, வண்டி நகர்ந்ததும் மறையும் இந்த ஒலியோடு காலம் முழுக்க வாழலாம். ஐடிலிங் வேகம் கம்பெனி சொன்னதைவிடக் குறைந்திருந்தால் அதைச் சரியாக வைத்தாலே பாதி அடங்கிவிடும். பிடித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி கேட்டால் சந்தேகம் ஹவுசிங்கின் தளர்ந்த ஸ்பிரிங்குகள் மீதும், கிராங்கில் இருந்து வரும் பற்கள் மீதும் போக வேண்டும். கிளட்ச்சோடு சம்பந்தமே இல்லாத கேம் செயின், டாப்பெட் மீதும் போக வேண்டும். பிடித்தால் மட்டும் புதிதாக ஒரு உறுமலோ கீச்சொலியோ கிளம்பினால் அழுத்தத்தைச் சுமக்கும் அந்தச் சிறு பேரிங்தான் முதல் குற்றவாளி. சிக்னலில் பச்சை விழும்வரை கியரில் போட்டு லீவரைப் பிடித்துக்கொண்டே நிற்கும் பழக்கம் அந்தப் பேரிங்கைத் தின்னும்.

இந்தச் சோதனை திசை காட்டும், அவ்வளவுதான், தீர்ப்புச் சொல்லாது. இதை ஒத்துக்கொள்ளாமல் யூடியூபில் சத்தத்தைப் போட்டுக் காட்டி நோய் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். செல்போன் மைக்கில் பதிவான கடகடப்பு கேம் செயினா கிளட்ச்சா என்று கண்டுபிடிக்கும் காது யாருக்கும் இல்லை. பழைய மெக்கானிக்குகள் செய்வதே மேல்: நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை மூடியின் வெவ்வேறு இடங்களில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்பார்கள். சிலிண்டர் பக்கம் ஓசை கூடினால் கேம் செயின். மூடியின் நடுவில் கூடினால் கிளட்ச். காசு செலவில்லாத இந்த ஸ்டெதாஸ்கோப்பைப் பயன்படுத்தாமலே மூடியைக் கழற்றும் பட்டறையை நம்புவது கடினம்.

கடகடப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாதவை இன்னும் இரண்டு உண்டு. வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, லீவரைப் பாதி விட்ட நிலையில் மட்டும் எழும் கிறீச்சொலி ஒன்று. அதே நேரத்தில் வண்டி மொத்தமும் விட்டுவிட்டு உலுக்குவது மற்றது. தட்டுகள் ஒன்றையொன்று சீராக வழுக்காமல், ஒட்டி ஒட்டி விடுவதால் இவை வருகின்றன. ஃபைபர் பிளேட்டின் முகம் சூட்டில் கண்ணாடிபோல் மினுங்கிவிட்டாலும், ஸ்டீல் பிளேட் கோணிக்கொண்டாலும், ஆயில் தவறானதாக இருந்தாலும் இது நடக்கும். புது பிளேட் போட்ட கையோடு கிறீச்சிட்டால், அவற்றை ஆயிலில் ஊற வைக்காமல் காய்ந்தபடியே மாட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பெரும்பாலான சர்வீஸ் புத்தகங்கள் மாட்டுவதற்கு முன் ஊற வைக்கச் சொல்கின்றன. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அந்த வேலைதான்.

ஆயில் பற்றித் தனியாகப் பேசியே ஆக வேண்டும். ஏனென்றால் கிளட்ச் சத்தத்துக்கு மிக மலிவான மருந்தும் அதுதான், மிகப் பரவலான போலி மருந்தும் அதுதான். காரில் கிளட்ச் தனி அறையில் காய்ந்து இருப்பதால், கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் பொருள்களைத் தாராளமாகச் சேர்க்க முடியும், எரிபொருள் மிச்சமாகும். மோட்டார் சைக்கிளில் அதே ஆயில்தான் கிளட்ச்சையும் நனைக்கிறது. உராய்வு குறைந்தால் தட்டுகள் வழுக்கும், சூடேறும், மினுங்கும், கிறீச்சிடும். இதற்காகத்தான் ஜப்பானிய வாகனத் தரநிலை அமைப்பான ஜாசோ 1998இல் மோட்டார் சைக்கிள் ஆயில்களுக்குத் தனி வகைப்பாடு கொண்டுவந்தது. எம்ஏ, எம்ஏ2 என்று போட்டிருந்தால் நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்றது. அவற்றுள் எம்ஏ2 அதிக உராய்வு தருவது. எம்பி என்றிருந்தால் அது உராய்வு குறைந்தது, கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கானது. வீட்டில் காருக்கு வாங்கி மிஞ்சிய உயர்ரக சிந்தெடிக் ஆயிலை வண்டியில் ஊற்றுவது நல்ல எண்ணத்தில் செய்யும் தீங்கு.

போலி மருந்து என்று சொன்னது கெட்டி ஆயிலை. “10டபிள்யூ30 போட்டதால்தான் சத்தம், 20டபிள்யூ50 ஊத்துங்க, அமுங்கிடும்” என்று சொல்லும் பட்டறைகள் நிறைய. உண்மையிலேயே அமுங்கும், கெட்டி ஆயில் பற்களுக்கு நடுவே மெத்தைபோல் நிற்பதால் அடிகளின் ஓசை மட்டுப்படும். சத்தம் போனால் போதும், எப்படிப் போனால் என்ன என்று கேட்கலாம். பதில் இதுதான்: தளர்ந்த ஸ்பிரிங் தளர்ந்தபடியேதான் இருக்கிறது, இப்போது அது எந்த அளவுக்கு மோசமாகிறது என்று சொல்லும் ஒரே சாட்சியின் வாயையும் அடைத்துவிட்டீர்கள். கூடவே, குளிர்ந்த காலையில் கெட்டி ஆயில் தட்டுகளை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். லீவரைப் பிடித்தும் முதல் கியர் ‘டக்’கென்று விழுந்து வண்டி முன்னால் துள்ளும், நியூட்ரல் கிடைக்காது. லே நகரின் விடியற்காலையில் இது சின்ன விஷயம் இல்லை. தலைவலி போய்த் திருகுவலி வந்ததுதான் மிச்சம். கம்பெனி கையேடு அனுமதிக்கும் கனத்துக்குள் மாற்றுவது வேறு. சத்தத்துக்குப் பயந்து அதைத் தாண்டுவது வேறு. ஆயிலின் வயது இன்னும் முக்கியம். கடந்த ஆயில் மாற்றத்துக்குப் பின் இரண்டாயிரம் கிலோமீட்டர் சேற்றிலும் மணலிலும் ஓட்டியிருந்தால், கையேட்டில் எழுதிய இடைவெளி வரும்வரை காத்திருக்காமல் மாற்றிவிட்டு மறுபடி கேளுங்கள். பல கடகடப்புகள் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

கரடுமுரடுப் பாதை கிளட்ச்சை ஏன் இவ்வளவு வாட்டுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். சேற்றில் சக்கரம் புதைந்து, ஓட்டுநர் ஆஃப் கிளட்ச்சில் முறுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் 3,000 சுற்றில் 20 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை கொடுத்தால் அது சுமார் 6 கிலோவாட் சக்தி. சக்கரம் நகரவில்லை என்றால் அந்த 6 கிலோவாட் முழுவதும் கையகல அடுக்குக்குள் வெப்பமாகிறது. சில நொடிகளில் ஆயில் கருகிய நாற்றம் வரும். நீடித்தால் ஸ்டீல் பிளேட்டில் நீலநிறத் திட்டுகள் தோன்றும். நீலம் ஏறிய தட்டு பெரும்பாலும் கோணலும் ஆகியிருக்கும். உயரமான கணவாய்களில் இது இன்னும் மோசம். கர்துங் லா கணவாயின் உயரம் 5,359 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். மூச்சு கிடைக்காத என்ஜின் கொண்டை ஊசி வளைவில் திணறும்போது, நின்றுவிடாமல் இருக்க ஓட்டுநர் கிளட்ச்சைத்தான் நம்புகிறார். சமவெளியில் ஒரு மாதத்தில் தேயாத அளவு அங்கே ஒரு நாளில் தேய்ந்துவிட முடியும். ஆகவே லடாக்கிலிருந்து திரும்பிய வண்டியில் புதிதாக எழும் கிறீச்சொலியை, சென்னையில் மூன்று வருடமாகக் கேட்டுப் பழகிய கடகடப்போடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

செலவில்லாத இன்னொரு வேலை லீவர் தளர்வு. கேபிள் கிளட்ச்சில் லீவரின் முனை, விசை ஏறுவதற்கு முன் சிறிது தூரம் சும்மா அசைய வேண்டும். பல வண்டிகளில் இது 10 முதல் 15 மில்லிமீட்டர், சரியான எண் கையேட்டில் இருக்கும். தளர்வே இல்லாவிட்டால் அந்தச் சிறு பேரிங் எந்நேரமும் அழுத்தத்தில் உறுமும், தட்டுகள் முழுசாகக் கவ்வாமல் வழுக்கும். தளர்வு அதிகமானால் தட்டுகள் முழுசாகப் பிரியாமல் இழுக்கும். கீழே விழுந்து எழுந்த வண்டியில் கேபிள் மடங்கியிருக்கும், சேறு உள்ளே போய் இறுகியிருக்கும். அதையும் பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் கிளட்ச்சில் இந்தத் திருகு வேலை இல்லை. ஆனால் அங்கே வேறு பொறி இருக்கிறது: சில கிளட்ச்சுகள் பிரேக் ஆயிலில் ஓடும், சில மினரல் ஆயிலில் ஓடும். மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல் ஊதிக் கெட்டுவிடும். அந்த ஆயில் தொட்டியின் மூடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பாட்டிலைத் திறக்கக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால்தான் மூடியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் பார்க்க வேண்டியதைப் பார்க்க வேண்டும். ஸ்டீல் பிளேட்டைத் துடைத்து ஒரு தடித்த கண்ணாடிப் பரப்பில் படுக்க வைத்து, விளிம்பைச் சுற்றிலும் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கைத் தாண்டினாலே பல கையேடுகள் மாற்றச் சொல்லும். ஃபைபர் பிளேட்டின் கனத்தை வெர்னியரில் அளக்கலாம், ஸ்பிரிங்கின் நீளத்தையும் அப்படியே. ஆனால் பட்டறைகளில் பெரும்பாலும் பார்க்காமல் விடுவது ஹவுசிங்கின் விரல்களை. எஃகோடு ஒப்பிட்டால் மென்மையான அலுமினிய விரலில், ஒவ்வொரு பிளேட்டின் காதும் நொடிக்குப் பலமுறை முட்டி முட்டித் தனக்கென்று ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். விரலின் பக்கவாட்டில் நகத்தை மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். பிளேட்டுக்கு ஒரு பள்ளமாக, சம இடைவெளியில் நகம் தட்டித் தட்டி இறங்கும். நகம் தட்டாமல் வழுவழுப்பான தடம் மட்டும் இருந்தால் கவலையில்லை. நகம் உள்ளே விழுந்து நிற்கிறது என்றால் லீவரை விடும்போது பிளேட்டுகள் அந்தப் பள்ளங்களில் மாட்டிக்கொண்டுதான் நகர்கின்றன. உலுக்கலும் இழுவையும் அங்கிருந்துதான்.

பிளேட் செட்டை மட்டும் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற இரண்டாவது பதில் எங்கே தோற்கிறது என்பது இப்போது விளங்கும். புதுக் காதுகளைப் பழைய பள்ளங்களில் உட்கார வைத்தால் சில வாரம் நன்றாக இருக்கும், பிறகு பழைய கதை தொடரும். அரத்தால் பள்ளத்தைச் சமமாக்கிவிடலாமே என்பார்கள். மேலோட்டமான பள்ளம் என்றால் செய்யலாம், பலரும் செய்கிறார்கள், இழுவை குறையும். ஆனால் அரம் எடுத்த அலுமினியம் திரும்பி வராது. காதுக்கும் விரலுக்கும் நடுவே இடைவெளி கூடியதால் அடி பலமாகும், கடகடப்பு முன்பைவிட அதிகமாகும், விரலின் பலமும் குறையும். சத்தத்தைப் போக்கவென்று அரம் போடுவது தலைகீழ் வைத்தியம். பள்ளம் ஆழமானால் ஹவுசிங்கையே மாற்றுவதுதான் வழி, விலை எவ்வளவு கசந்தாலும். அமெரிக்காவின் ஹின்சன் போன்ற நிறுவனங்கள் ஒரே கட்டியிலிருந்து கடைந்து, மேற்பரப்பைக் கடினமாக்கி விற்கும் ஹவுசிங்குகள் பந்தயக்காரர்களுக்குப் பிடித்தமானவை. கேடிஎம் தன் எண்டியூரோ வண்டிகள் பலவற்றில் எஃகு ஹவுசிங்கையே வைத்து, ஹப்பில் ரப்பர் மெத்தையும் சேர்த்திருக்கிறது. வார இறுதியில் மட்டும் மண்சாலை பார்க்கும் எக்ஸ்பல்ஸுக்கு இந்த ஆடம்பரம் தேவையில்லை என்பது என் எண்ணம். கடினமான ஸ்பிரிங் போட்டு ‘ஸ்ட்ராங்’ ஆக்குவதும் அப்படியே. கையை வலிக்கவைக்கும், பேரிங்கின் சுமையைக் கூட்டும், சத்தத்தைத் தொடாது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். எந்த இயந்திரக் கோளாறும் முதலில் சத்தமாகத்தான் தலைகாட்டும். காத்திருக்கச் சொல்வது பெரிய செலவுக்கு வழி விடுவதில்லையா என்பது அந்த மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. ஹவுசிங்கைப் பல்சக்கரத்தோடு பிடித்திருக்கும் ரிவெட்டுகள் தளர்ந்தால், முதலில் வருவது கடகடப்புதான். கவனிக்காமல் விட்டால் ஒரு ரிவெட் தலையோ உடைந்த விரலோ பற்களுக்கு நடுவே போய் என்ஜின் கவசத்தையே பிளக்கக்கூடும். ஆனால் அந்த நிலைக்குப் போகும் சத்தம் தனியாக வருவதில்லை. சில நாட்களிலேயே கூடிக்கொண்டு போகும். ஐடிலிங்கில் மட்டும் நிற்காமல் வேகத்தோடு ஏறும். லீவர் கைக்குள் துடிக்கும். ஆயில் மாற்றும்போது காந்தமுள்ள வடிகால் போல்ட்டில் மாவுபோன்ற பசைக்குப் பதில் கண்ணுக்குத் தெரியும் சில்லுகள் ஒட்டியிருக்கும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது என்பதால் வடித்த ஆயிலை வெயிலில் ஒரு தட்டில் ஊற்றிப் பளபளப்பும் தேட வேண்டும். இந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பயணத்தை ரத்து செய்துவிட்டு அன்றே மூடியைத் திறக்க வேண்டும். சொல்ல வருவது காத்திருங்கள் என்றல்ல. சத்தத்தோடு இரண்டாவது சாட்சியைத் தேடுங்கள் என்பதே. காரணமில்லாமல் மூடியைத் திறப்பதும் இலவசம் அல்ல. கேஸ்கெட் கிழியும், டார்க் ரெஞ்ச் இல்லாத கையில் அலுமினிய மரை வழுக்கும், மறுவாரம் ஆயில் ஒழுகும்.

இன்னொரு மறுப்பு தூரத்தைப் பற்றியது. ஸ்பிதியில் நின்றுபோனால் பட்டறை எங்கே, போகும் முன்பே மாற்றிவிடுவதுதானே புத்திசாலித்தனம் என்பது. இதை முழுவதுமாக ஏற்கலாம். டக்கார் போன்ற நெடும்பந்தயங்களில் கிளட்ச் பிளேட்டை அணிகள் டயரைப் போலத் தேய்மானப் பொருளாகவே நடத்துகின்றன. அடுத்த நாள் மணல்மேடு என்றால் முந்தைய இரவே மாற்றிவிடுவார்கள். ஆனால் அவர்கள் சத்தத்தைக் கேட்டு மாற்றுவதில்லை. ஓடிய தூரம், வரப்போகும் நிலம், அளந்த கனம் இவற்றை வைத்து மாற்றுகிறார்கள். நாமும் அப்படிச் செய்யலாம்: பயணத்துக்கு ஒரு மாதம் முன்னால் பிளேட்டை அளந்து, எல்லையை நெருங்கியிருந்தால் மாற்றி, உள்ளூரில் இருநூறு கிலோமீட்டர் ஓட்டிப் பழக்கிவிட்டுக் கிளம்பலாம். சத்தமே போடாத வண்டிக்கும் இது பொருந்தும்.

கேட்டுக்கேட்டுக் காது பழகிவிட்டால் எந்த மாற்றத்தையும் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. வண்டி புதிதாக, நல்ல நிலையில் இருக்கும்போதே, சூடான என்ஜினில், லீவரைப் பிடித்தும் விட்டும், ஒரே இடத்தில் செல்போனை வைத்து ஒரு நிமிடம் பதிவு செய்து வையுங்கள். அந்நியர் வண்டியின் பதிவை வைத்து நோய் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் உங்கள் வண்டியின் இரண்டு பதிவுகளை, அதே போனில், அதே தூரத்தில் எடுத்து ஒப்பிட முடியும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் ஒன்று எடுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது “சத்தம் வருது” என்று நிறுத்தாமல், “சூடானதும் வருது, லீவரைப் பிடிச்சா அடங்குது, போன ஆயிலுக்கு முன்னாடி இல்ல” என்று சொல்லுங்கள். பிளேட் செட்டுக்கு எழுதும் முன் ஹவுசிங் விரல்களை உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டு போங்கள்.